சீனாவின் ஹூகோ முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் வளர்ச்சி என்றதும் ஷென்ஜென் கோபுரங்களும் அதிவேக ரயிலும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கோபுரங்களைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் அரசுப் பதிவேட்டின்படி அந்த ஊர்க்காரர்களே இல்லை. இதற்குக் காரணம் ஹூகோ என்னும் குடும்பப் பதிவு முறை. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஹூகோ என்றால் என்ன?

ஒருவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று காவல் துறை வைத்திருக்கும் பதிவு. அதன் அத்தாட்சியாக ஒவ்வொரு வீட்டிலும் செம்பழுப்பு அட்டை போட்ட சிறு புத்தகம் இருக்கும். அதில் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பூர்விகம், பிறந்த இடம், இனம், படிப்பு, கல்யாணம் ஆனவரா, ராணுவத்தில் இருந்தவரா, எந்த ஊரிலிருந்து எப்போது பதிவு மாறி வந்தது என்று வரிசையாகக் கட்டங்கள். உயரத்துக்கும் ரத்த வகைக்கும்கூடத் தனிக் கட்டம் உண்டு. திருமணத்தைப் பதிவு செய்வதற்கும் 2025 மே மாதம் வரை இந்தப் புத்தகம் தேவைப்பட்டது. அதனால், பிள்ளையின் காதல் பிடிக்காத பெற்றோர் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொள்ளும் கதை அங்கே ரொம்பப் பழசு.

நெடுங்காலம் அந்தப் பக்கத்தில் இன்னொரு விவரமும் இருந்தது: விவசாய ஹூகோவா, விவசாயம் சாராத ஹூகோவா? மற்ற எல்லாக் கட்டங்களையும்விட ஒருவரின் தலையெழுத்தை முடிவு செய்தது அதுதான். 1998 வரை குழந்தைக்குத் தாயின் ஹூகோவே வந்தது. அப்பா நகரத் தொழிற்சாலையில் வேலை செய்தாலும் அம்மா கிராமத்தவர் என்றால் பிள்ளைகளும் பதிவேட்டில் கிராமத்தவர்தான்.

இதை ஏன் கொண்டு வந்தார்கள்?

சட்டம் வந்தது 1958 ஜனவரியில். சோவியத் பாணியில் இரும்பு, நிலக்கரி, இயந்திரம் என்று கனரகத் தொழில்களை வேகமாக வளர்க்க மாவோவின் அரசு முடிவு செய்திருந்தது. அதற்கு மூலதனம் எங்கிருந்து வரும்? 1953 முதலே தானியத்தை அரசு மட்டுமே வாங்கியது, விலையையும் அரசே வைத்தது. விவசாயியிடம் குறைந்த விலைக்கு வாங்கி நகரத் தொழிலாளிக்கு மலிவாகக் கொடுத்தால் கூலியையும் குறைவாக வைத்துக்கொள்ளலாம். மிச்சப் பணம் தொழிற்சாலைக்குப் போகும். ஆனால் விவசாயி நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டால் விளைவிப்பவர் குறைந்து, மலிவு அரிசி கேட்பவர் கூடிவிடுவார். எனவே வாசலை அடைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1954 அரசியல் சட்டத்தில் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தது. நான்கே வருஷத்தில் அதற்கு நேர்மாறான விதி வந்தது. 1975இல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். இன்று நடப்பில் உள்ள 1982 அரசியல் சட்டத்திலும் அது திரும்ப வரவில்லை.

காவல் இல்லாமலே மக்களை எப்படித் தடுத்து வைத்தார்கள்?

தானியக் கூப்பனால். நகர ஹூகோ உள்ளவருக்கு மாதாமாதம் கூப்பன் வரும். கூப்பன் இல்லாமல் கடையில் அரிசியோ மாவோ கிடைக்காது, உணவகத்திலும் சாப்பிட முடியாது. வீடு, வைத்தியம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாகவே. கிராமத்தான் ரயில் ஏறி வந்தாலும் நான்கு நாள் தாங்க மாட்டான்.

இதன் கொடூரம் 1959-61 பஞ்சத்தில் தெரிந்தது. இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பதிலிருந்து நாலரைக் கோடி வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் செத்தவர்களில் பெரும் பகுதி தானியம் விளைவித்தவர்களே. ஹெனான் மாகாணத்தின் சின்யாங் பகுதியில், பிச்சை எடுக்கவாவது வெளியூர் போகலாம் என்று கிளம்பியவர்களைச் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு வாசல் எப்படித் திறந்தது?

முதலில் திறந்தது கிராமத்தின் பக்கம். 1978 இறுதியில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டு, கூட்டுப்பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள். அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் பேசிக்கொண்டார்கள். ஜெயிலுக்குப் போகவில்லை. சில வருஷங்களில் அதுவே நாட்டின் கொள்கை ஆனது, கம்யூன்கள் (கூட்டுப்பண்ணை அமைப்புகள்) கலைந்தன. (கட்சி வரலாறு இந்தக் கதையைக் கொஞ்சம் அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறது. அதே அன்ஹுயிலும் சிச்சுவானிலும் வேறு ஊர்களும் அப்போது இதைச் செய்துகொண்டுதான் இருந்தன.)

தன் பொறுப்பில் நிலம் என்றதும் பாதி ஆட்களே போதும் என்று ஆகிவிட்டது. மீதிப் பேருக்கு வேலை வேண்டும். 1980இல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. ஹாங்காங் முதலாளிகளின் பொம்மை, துணி, மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கே வந்து இறங்கின. 1984இல் சொந்தத் தானியத்தோடு வருபவர்கள் சிறு நகரங்களில் குடியேறலாம் என்று அனுமதி கிடைத்தது. 1993 வாக்கில் கூப்பனே ஒழிந்தது. காசு இருந்தால் எங்கும் சோறு வாங்கலாம் என்ற நிலை வந்ததும் கோடிக்கணக்கானவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அனுமதி இல்லாமல் நகரத்தில் இருந்தால் பிடித்துப் போவார்களா?

2003 வரை பிடித்தார்கள். தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லாதவரைக் காவலர் அழைத்துச் சென்று, தடுப்பு மையத்தில் வைத்து, சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அந்த வருஷம் மார்ச்சில் குவாங்சோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளரைப் பிடித்தார்கள். ஹூபெய் மாகாணத்தவர், கல்லூரியில் படித்தவர், வேலையிலும் இருந்தார். அட்டை மட்டும் கையில் இல்லை. மூன்றாம் நாள் அடிபட்டு இறந்தார். குவாங்சோவின் ‘சதர்ன் மெட்ரோபோலிஸ் டெய்லி’ நாளிதழ் அதை வெளியிட, சட்ட அறிஞர்கள் மூவர் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவைக்கு மனுக் கொடுக்க, ஜூனிலேயே அந்தத் தடுப்பு முறையை ரத்து செய்தார்கள். பத்திரிகையும் இணையமும் வழக்கறிஞர்களும் சேர்ந்து ஒரு தேசிய விதியையே மாற்ற முடிந்த காலம் அது. மனுக் கொடுத்த மூவரில் ஒருவரான சூ ஜியோங் பின்னாளில் சிறைக்குப் போனார்.

இந்த முறையால் யாருக்கு லாபம்?

நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும். ஒரு தொழிலாளியைப் பெற்று வளர்த்துப் படிக்க வைக்கும் செலவு கிராமத்துடையது. உடம்பு முடியாமல் போனாலும், வயதாகிப் போனாலும், அந்தச் செலவும் கிராமத்துடையதே. இடையில் பதினெட்டு வயது முதல் ஐம்பது வரை, உழைப்பு மட்டும் நகரத்துக்கு. சீனாவின் மலிவான கூலியைப் பற்றி எழுதுகிறவர்கள் மக்கள்தொகையையும் உழைக்கும் பழக்கத்தையும் காரணமாகச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரு மனிதனின் முழு ஆயுள் செலவையும் ஏற்காமல் அவனுடைய நல்ல வருஷங்களை மட்டும் வாங்கிக்கொள்ள முடிந்ததே, அதை முதலில் சொல்ல வேண்டும் என்பேன்.

அரசுக் கணக்குப்படி 2023இல் கிராம ஹூகோவோடு, விவசாயம் அல்லாத வேலை பார்ப்பவர்கள் 29.75 கோடிப் பேர். சராசரி மாத வருமானம் 4,780 யுவான். சராசரி வயது 43.

அவர்களுடைய பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

கேள்விகளிலேயே கனமானது இது. நகரத்தின் அரசுப் பள்ளியில் இடம் கேட்டால் வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், சமூகக் காப்பீட்டு ரசீது என்று அடுக்கடுக்காகத் தாள்கள் கேட்பார்கள். வாடகைக்கு விட்டவர் ஒப்பந்தம் எழுதித் தரவே மாட்டார், முதலாளி காப்பீடு கட்டியிருக்க மாட்டார். கடைசியில் புறநகரில் யாரோ நடத்தும் தனியார் பள்ளிதான். அதுவும் நிலைக்காது. 2011இல் பெய்ஜிங்கில் இருபதுக்கும் மேற்பட்ட அத்தகைய பள்ளிகளை மூடச் சொன்னார்கள்.

ஆரம்பப் பள்ளியைத் தாண்டினாலும் முன்னால் காவ்காவ் நிற்கிறது, அதாவது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024இல் அதற்குப் பதிந்தவர்கள் 1.34 கோடி. ஹூகோ இருக்கும் மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்பது அடிப்படை விதி. பல்கலைக்கழகங்கள் மாகாணவாரியாக இடம் ஒதுக்குகின்றன. பெரிய பல்கலைக்கழகங்கள் குவிந்திருக்கும் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் உள்ளூர்ப் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம், ஹெனான் போன்ற நெரிசலான மாகாணப் பிள்ளைக்குக் குறைவு. 2012இல் மத்திய அரசு, வெளியூர்ப் பிள்ளைகளும் இருக்குமிடத்தில் தேர்வு எழுத வழி செய்யுமாறு மாகாணங்களைக் கேட்டது. பெய்ஜிங் திறந்துவிட்டது தொழிற்கல்விக்கான கதவை மட்டும். ஆகவே பதினான்கு, பதினைந்து வயதில், பிறந்து வளர்ந்த நகரத்தை விட்டு, பார்த்தே இராத ‘சொந்த ஊருக்கு’ப் பெட்டியைக் கட்டுகிறார்கள்.

மற்றப் பிள்ளைகள் ஊரை விட்டுக் கிளம்பியதே இல்லை. தாத்தா பாட்டியோடு ஊரிலேயே விடப்பட்டவர்கள். 2013இல் அகில சீன மகளிர் சம்மேளனம் இவர்களின் எண்ணிக்கையை 6.1 கோடி என்றது. 2016இல் அரசு எண்ணியபோது 90 லட்சம்தான் வந்தது. மூன்றே வருஷத்தில் ஐந்து கோடிப் பிள்ளைகளின் பெற்றோர் வீடு திரும்பிவிடவில்லை. வயது வரம்பை 18இலிருந்து 16 ஆக்கினார்கள், இரண்டு பெற்றோரும் வெளியூரில் இருந்தால்தான் (அல்லது ஊரில் இருக்கும் ஒருவர் வளர்க்கும் நிலையில் இல்லாவிட்டால்தான்) கணக்கு என்றார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘முன்னேற்றம்’ என்று எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

குய்சோ மாகாணத்தின் பிஜியே நகரம் இந்த விஷயத்தில் சீனர்களுக்கு மறக்காத பெயர். 2012 நவம்பரில் அங்கே ஐந்து சிறுவர்கள் குளிருக்குக் குப்பைத் தொட்டிக்குள் ஒண்டி, உள்ளே கரியை எரித்து, புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். 2015 ஜூனில் அதே பிஜியேயில், பெற்றோர் இல்லாத வீட்டில் உடன்பிறந்த நால்வர் பூச்சிமருந்தால் இறந்தார்கள்.

பெரிய நகரத்தில் ஹூகோ வாங்கவே முடியாதா?

முடியும், படிப்போ பணமோ இருந்தால். ஷாங்காயில் குடியிருப்பு அட்டைக்குப் புள்ளி முறை உண்டு. 120 புள்ளி சேர்ந்தால் பிள்ளை அங்கேயே காவ்காவ் எழுதலாம் (அப்போதும் ஹூகோ கிடைத்துவிடாது, அது வேறு வரிசை). பட்டத்துக்கு 90, 43 வயதுக்குள் இருந்தால் 30. ஆக, ஓர் இளம் பட்டதாரி சேர்ந்தவுடனே 120 ஆகிவிட்டது. இப்போது நடுநிலைப் பள்ளியோடு நின்றுவிட்ட 35 வயது சமையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு 30. காப்பீடு கட்டிய ஒவ்வொரு வருஷத்துக்கும் 3. பத்து வருஷம் விடாமல் கட்டியிருந்தாலும் மொத்தம் 60, பாதிக் கிணறு. உயர்நிலைத் திறன் சான்றிதழ் ஒன்று வாங்கினால் மீதி 60ஐத் தாண்டலாம். முதலாளி காப்பீடே கட்டாத வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அந்த மூன்று மூன்றும் இல்லை.

பெய்ஜிங் 2018 முதல் புள்ளி அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 6,000 பேருக்கு ஹூகோ தருகிறது. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊரில் ஆறாயிரம்.

2014இல் இந்த முறையை ஒழித்துவிட்டதாகப் படித்தேனே?

ஒழித்தது விவசாயம், விவசாயமல்லாதது என்ற பிரிவை. அந்தக் கட்டம் போனது. ஊர்க்கட்டம் அப்படியே இருக்கிறது. பத்துக் கோடிப் பேருக்கு 2020க்குள் நகர ஹூகோ தருவோம் என்ற இலக்கும் அப்போது வைக்கப்பட்டது. 2019இல் முப்பது லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்கள் கட்டுப்பாட்டை முழுதாக விட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. சியான் போன்ற நகரங்கள் அதற்கும் முன்னாலேயே பட்டதாரிகளைக் கூவிக் கூவி அழைத்தன. எனவே எங்கே வேலை குறைவோ அங்கே கதவு திறந்திருக்கிறது, எங்கே வேலையும் நல்ல பள்ளியும் இருக்கிறதோ அங்கே சாத்தியிருக்கிறது.

2023 முடிவில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் மக்கள்தொகையில் 66 சதவீதம். நகர ஹூகோ உள்ளவர்கள் 48 சதவீதம். இடைவெளியில் இருப்பவர்கள் சுமார் 25 கோடிப் பேர்.

கிராமத்தவர் எல்லோரும் நகர ஹூகோவுக்கு ஏங்குகிறார்களா?

இப்போது அப்படிச் சொல்ல முடியாது. பலர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. கிராம ஹூகோவோடு நிலத்தின் குத்தகை உரிமையும் மனைக்கட்டும் வருகின்றன. நிலம் கிராமக் கூட்டமைப்பின் சொத்து. விற்க முடியாது, ஆனால் எளிதில் யாரும் பிடுங்கவும் முடியாது. வேலை போனால் திரும்பிப் போக ஓர் இடம். நகரம் விரிந்து ஊரை விழுங்கும் பகுதி என்றால் இழப்பீடும் பங்குத் தொகையும் கொட்டும். 2006இல் விவசாய வரியும் போய்விட்டது. எங்கோ மூன்றாம் தர நகரத்தின் ஹூகோவுக்காக இதை விடுவானேன்?

வெளியூர்த் தொழிலாளர்கள் நகரத்தில் எங்கே தங்குகிறார்கள்?

தொழிற்சாலை விடுதி, கட்டட வேலையிடத்துத் தகரக் கொட்டகை, அல்லது நகரம் விழுங்கிய பழைய கிராமங்கள். ஷென்ஜென்னின் பைஷிஜோ இந்த வகையில் பெயர் போனது. எதிரெதிர் ஜன்னல்களிலிருந்து கை குலுக்கிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் கட்டடங்கள் நெருக்கம். வெயில் தரையைத் தொடாது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். 2019இல் காலி செய்யச் சொல்லத் தொடங்கினார்கள். இடித்ததற்கு இழப்பீடு பெற்றவர்கள் வீட்டுக்காரர்கள், குடியிருந்தவர்கள் வேறு வாடகை தேடிப் போனார்கள்.

பெய்ஜிங்கில் 2017 நவம்பரில் தாசிங் பகுதிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். தீப் பாதுகாப்பு என்று சொல்லி, கடும் குளிரில் பல்லாயிரம் வெளியூர்க்காரர்களைச் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினார்கள். இவர்களைக் குறிக்கப் பயன்பட்ட ‘கீழ்மட்ட மக்கள்தொகை’ என்ற சொல்லை அப்போது இணையத் தேடலிலேயே தடுத்தார்கள். பெய்ஜிங்கின் நடுத்தர வர்க்கமே கோபப்பட்ட அபூர்வ தருணம் அது. கூரியரும் வீட்டு வேலையும் தடுமாறியதும் ஒரு காரணம்.

ஒரு குழந்தைக் கொள்கைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அனுமதி மீறிப் பிறந்த பிள்ளையைப் பதிய அபராதம் கேட்டார்கள். கட்ட முடியாதவர்கள் பதியவில்லை. பதிவில்லாவிட்டால் பள்ளி இல்லை, அடையாள அட்டை இல்லை, ரயில் டிக்கெட்கூட இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவே இல்லாதவர்கள் 1.3 கோடி. 2016 தொடக்கத்தில் எல்லோரையும் பதிய உத்தரவு வந்தது. 2022 முதல் மக்கள்தொகையே குறைகிறது, இப்போது மூன்று பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வயதானால்?

சிக்கல் இப்போது இங்கேதான் வந்து நிற்கிறது. 2023 கணக்கில் கிராம ஹூகோத் தொழிலாளர்களில் பத்தில் மூவர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வீட்டுமனைத் தொழில் 2021 முதல் சரிந்ததும் கட்டட வேலை சுருங்கியது. அறுபதைத் தாண்டிய ஆண்களைக் கட்டுமானத்தில் சேர்க்கக் கூடாது என்று பல நகரங்கள் விதி போட்டன. முதலாளி காப்பீடு கட்டியிராவிட்டால் மிஞ்சுவது கிராம ஓய்வூதியம். மத்திய அரசு வைத்திருக்கும் அடிப்படைத் தொகை 2024இல் மாதம் 123 யுவான். நகர நிறுவனத்தில் ஓய்வு பெற்றவருக்கு மூவாயிரத்துக்கு மேல் வருகிறது. 123 யுவானுக்கு உழைக்காமல் யாரும் இருக்க முடியாது. அதனால் தலைக்குச் சாயம் பூசி வயதை மறைத்து வேலை கேட்கிறார்கள்.

இளைய தலைமுறையும் தொழிற்சாலைக்குப் போகிறதா?

குறைவாக. 2010இல் ஷென்ஜென் ஃபாக்ஸ்கானில் அடுத்தடுத்து நடந்த தற்கொலைகளும், அதே வருஷம் ஃபோஷானில் ஹோண்டா உதிரிபாகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தமும், இவர்கள் பெற்றோரைப் போல் வாய்மூடி இருக்க மாட்டார்கள் என்று காட்டின. இப்போது பலர் மஞ்சள் சட்டை போட்டு மெய்த்துவான் போன்ற விநியோகச் செயலிகளுக்கு உணவு கொண்டு ஓடுகிறார்கள். மெய்த்துவானில் மட்டும் 2023இல் 74 லட்சம் பேர் சம்பாதித்தார்கள். மேலாளர் திட்டுவதில்லை, செயலி விரட்டுகிறது. 2025இல்தான் ஜேடி என்ற இணைய வணிக நிறுவனம் முழுநேர உணவு விநியோகிகளுக்குச் சமூகக் காப்பீடு கட்டுவதாக அறிவித்தது. போட்டிக்கு மற்றவர்களும் அசைந்தார்கள்.

அரசு ஏன் ஒரேயடியாக எடுத்துவிடக் கூடாது?

செலவு யார் செய்வது என்பதே தகராறு. 1994 வரிச் சீர்திருத்தம் வருவாயின் பெரும் பங்கை மத்திய அரசிடம் கொண்டு சேர்த்தது. பள்ளி, மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாம் உள்ளூராட்சியின் தலையில் நின்றது. உள்ளூராட்சிகள் நிலத்தை விற்றுச் சமாளித்தன. அந்த வருமானமும் வற்றிவிட்டது. இன்னும் ஒரு கோடி வெளியூர்க்காரர்களுக்குப் பள்ளி கட்டு என்றால் எந்த மேயரும் தயங்குவார். ஏற்கெனவே ஹூகோ உள்ள நகரத்தார் தம் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்பதும் உண்மை, அதைக் கட்சி நன்றாக அறியும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நெருக்கடி. ஏற்றுமதியை நம்பி இனி வளர முடியாது, உள்நாட்டு மக்கள் செலவழிக்க வேண்டும் என்கிறது அரசு. மாதம் சுமார் 1,000 யுவான் வருமானத்தில் 60 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று 2020இல் சொன்னவர் அப்போதைய பிரதமர் லி கெச்சியாங்கே. நோய்க்கும் முதுமைக்கும் தானே சேர்த்து வைக்க வேண்டியவர் எப்படிச் செலவழிப்பார்?

இனி எந்தச் செய்திகளைக் கவனிக்க வேண்டும்?

2024 ஜூலையில் கட்சியின் மத்தியக் குழு, ஹூகோ எங்கே இருந்தாலும் வாழும் இடத்தில் அடிப்படைச் சேவைகள் தர வேண்டும் என்று தீர்மானித்தது. இதுபோன்ற தீர்மானங்களைப் படித்துப் பழகியவர்கள் அறிவிப்பைவிட மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, கிராம ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகை: 2025இல் 20 யுவான் கூட்டி 143 ஆக்கினார்கள். இதே வேகம் என்றால் ஆயிரத்தைத் தொட நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும். இரண்டு, வெளியூரார் எத்தனை பேரைச் சேர்க்கிறதோ அதற்கு ஏற்ப ஒரு நகரத்துக்கு மத்திய நிதி போகிறதா என்பது. மூன்று, பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் காவ்காவ் விதி. முதல் இரண்டும் மெல்ல நகரலாம். மூன்றாவதில் இப்போதைக்கு எந்த அசைவும் எனக்குத் தெரியவில்லை.